தொண்ணூற்றைந்து என்று எழுதிய நூற்றொன்று

இரும்பு பொய் சொல்லாது என்று யாராவது உங்களிடம் அளந்தால், அவரைப் பிளேட்டக்காவிடம் அனுப்பிவையுங்கள். பாரம் தூக்கும் ராடில் மாட்ட இருபது கிலோ என்று அச்சுப் போட்டு வரும் பிளேட் தராசில் சரியாக இருபது காட்டினால், அன்றைக்குக் கூடத்தில் எல்லோருக்கும் டீ அவள் செலவு. பதினொரு வருடத்தில் மூன்றே முறைதான் வாங்கித் தந்திருக்கிறாள்.

விளையாட்டுக் கல்லூரியின் பின்பக்கம், பந்துகள் போட்டுவைக்கும் அறைக்கு அடுத்து, தகரக் கூரை போட்ட ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வேலை. கதவுப் பலகையில் பெரிய பெயர் உண்டு. உள்ளே போனால் ரப்பர் வாடையும் வியர்வை வாடையும்தான். ராடைத் துடைப்பது, பிளேட் மாட்டுவது, கழற்றுவது, மாதத்துக்கு ஒருமுறை அத்தனை பிளேட்டையும் நிறுத்து நோட்டில் எழுதுவது. அறுபத்து நான்கு பிளேட்டின் உண்மையான எடையும் அவளுக்கு மனப்பாடம். மாமியாரின் பிறந்தநாள் மட்டும் நினைவில் நிற்பதில்லை.

எடை அதிகப்படியாகத் தப்பியவற்றை ஒதுக்கிச் சுவரோரம் அடுக்கிவைப்பாள். அவற்றைக் கழித்துவிட அனுமதி கேட்டு எழுதிய கடிதம் இரண்டு வருடமாக எந்த மேசையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கதைக்கு அந்தத் தூக்கம்தான் ஆரம்பம்.

குறும்பு அவளுக்குப் பிறவிக் குணம். வீட்டுக் கடிகாரத்தைக் கல்யாணமான இரண்டாம் மாதமே பத்து நிமிடம் முன்னால் தள்ளிவைத்தவள். கண்ணாடி அறுக்கும் கடை வைத்திருக்கும் கணவனும், கல்லூரியில் படிக்கும் நாத்தனாரும் அதைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு கிளம்புவார்கள். அவள் மட்டும் மனதுக்குள் பத்தைக் கழித்துவிட்டு, நிதானமாக இன்னொரு டம்ளர் டீ குடிப்பாள். ஏழு வருடமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நாத்தனார் நீளம் தாண்டுகிறவள். வாய் ஆறு மைல் தாண்டும். அண்ணியும் நாத்தனாரும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போவார்கள். ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டுக்கொண்டே போவார்கள். "அண்ணி, நீங்க இரும்பு தூக்கித் தூக்கி மூளையும் இரும்பாயிடுச்சு" என்பாள் இவள். "உனக்கு மண்ணுல விழுந்து விழுந்து அதுவும் இல்ல" என்பாள் அவள். நடத்துனருக்கு அந்த வழித்தடத்தில் பொழுதுபோக்கே இதுதான்.

இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு ஒரே ஒரு எண்ணைக் கண்டால் பயம். நூறு. போன வருடம் நூறு கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்தவள் எழ முடியாமல் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டாள். பக்கத் தாங்கி ராடைப் பிடித்துக்கொண்டதால் அடி ஒன்றும் படவில்லை. ஆனால் கூடம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து "நூறு" என்று காதில் விழுந்தாலே அவள் ராடைவிட்டு நகர்ந்துவிடுவாள். தொண்ணூற்றைந்தை அநாயாசமாகத் தூக்குவாள். அதற்கு மேல் ஒரு அரை கிலோவுக்கும் சம்மதிக்கமாட்டாள்.

அந்த வருடம் ஆராய்ச்சி மேடம் ஒரு ஆய்வைத் தொடங்கினார். பாரம் தூக்கிக் காலை வலுவாக்கினால் நீளம் தாண்டுவதில் எத்தனை சென்டிமீட்டர் கூடும் என்பது கேள்வி. இருபத்து நான்கு பேர், பன்னிரண்டு வாரம். மேடம் கெட்டிக்காரர், ஆனால் சிரிப்பு என்பதை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்தவர். தரையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். அதிலிருந்து வரும் நூலின் முனையை ராடில் மாட்டினால், ராடு எழும்பும் வேகம் திரையில் வந்து விழும். செவ்வாய்தோறும் ஒவ்வொருவரும் தமக்கென்று குறித்த எடையை, முழு வேகத்தில், ஒரே ஒரு முறை தூக்க வேண்டும். எடை மாறக்கூடாது. போன வாரத்தைவிட வேகமாக எழும்பினால் பலம் ஏறியிருக்கிறது. மெதுவானால் உடம்பு களைத்திருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

நாத்தனார் கெஞ்சிக் கூத்தாடித் தனக்குத் தொண்ணூற்றைந்தைக் குறித்துக்கொண்டாள்.

பிளேட்டக்காவுக்குக் கை அரித்தது. சுவரோரம் ஒதுக்கிவைத்த பிளேட்டுகளைப் பார்த்தாள். பச்சைப் பெயின்ட் வழிந்த ஜோடி, இருபது என்று எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் உண்மையில் இருபத்தொன்று புள்ளி ஆறு. விளிம்பு மழுங்கிய ஜோடி, பதினைந்து என்று எழுதியிருக்கும். உண்மையில் பதினாறு புள்ளி நான்கு. நான்காம் வாரம் ஒரு ஜோடியை மாற்றினாள். ஏழாம் வாரம் இன்னொன்றை. அன்று நாத்தனார் தோளில் நூற்றொரு கிலோ உட்கார்ந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, ராடைத் தாங்கியில் வைத்துவிட்டு, "இன்னிக்கு என்னமோ ஒரு மாதிரி இருக்கு அண்ணி" என்றாள்.

"காலைல சரியா சாப்பிட்டிருக்க மாட்ட" என்றாள் பிளேட்டக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்திருந்தாள். ஆனால் ரகசியம் நாக்குக்கு அடியில் மிட்டாயாகக் கரைந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொண்டால் என்ன? நாத்தனார் பஸ்ஸில் ஜம்பம் பேசும்போது போட்டு உடைத்தால் எப்படி இருக்கும்? அந்தக் காட்சியை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள். எட்டாம் வாரமும் அதே பிளேட்டை மாட்டினாள்.

இரும்பை ஏமாற்றியவள் நூலை மறந்துவிட்டாள்.

ஒன்பதாம் வாரம் திங்கட்கிழமை, பயிற்சியாளர் சார் பெரிய போட்டிக்குப் போகும் அணியின் பட்டியலை ஒட்டினார். நாத்தனார் பெயர் இல்லை. மேடத்தின் தாளில் அவளுடைய கோடு நான்காம் வாரத்திலிருந்து சரசரவென்று கீழே இறங்கியிருந்தது. தாளில் அதே எடை, முன்னைவிட மெதுவாக. 'உடம்பு தளர்ந்திருக்கிறது, ஒரு மாதம் ஓய்வு தேவை' என்று மேடம் எழுதிக் கொடுத்துவிட்டார். சாருக்கும் கண் இருந்தது. போன வாரம்தான் அவள் தன் வாழ்நாளிலேயே அதிக தூரம் தாண்டியதை, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர். ஆனாலும் தாளில் இருப்பதைத் தாண்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தும் நாத்தனார் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுமே ஆகல அண்ணி. நல்லாத்தான் இருக்கேன். ஏன் குறையுதுன்னு எனக்கே தெரியல" என்றாள். சண்டை போடாத நாத்தனாரைப் பிளேட்டக்கா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

கணவனிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஒரு மில்லி தப்பினாலே கண்ணாடி சட்டத்துல உக்காராது. நீ ஆறு கிலோ தப்பியிருக்க."

"விளையாட்டாத்தான் செஞ்சேன்."

"சொன்னா வேலை போயிடுமா?"

"போகலாம்."

"சொல்லலன்னா?"

பிளேட்டக்கா திரும்பிப் பார்த்தாள். உள்ளறையில் ஷூவோடு படுத்திருந்தவளின் கால்கள் மட்டும் தெரிந்தன.

மறுநாள் செவ்வாய். மேடம் கணினியைத் திறப்பதற்குள் பிளேட்டக்கா நான்கு பிளேட்டையும் அவர் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள். மேசை முனகியது. நடந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். மேடம் முதலில் நம்பவில்லை.

"குடும்பத்துல ஒருத்தியக் காப்பாத்தறதுக்காக எனக்கே காது குத்தறீங்களா?"

"தராசு இருக்கு மேடம். நீங்களே வச்சுப் பாருங்க."

மேடம் பார்த்தார். முகம் சிவந்தது. "என் ஆய்வைக் கெடுத்திருக்கீங்க. எட்டு வார உழைப்பு! மத்தவங்களுக்கு?"

"மத்தவங்க எல்லாருக்கும் சுத்தம் மேடம். வீட்டு ஆளுகிட்ட மட்டும்தான் விளையாடுவேன்."

"எடை கூடினது உண்மையாவே இருக்கட்டும். அவ தளரலைன்னு எப்படி நம்பறது? அதே நூத்தியொண்ண இன்னிக்கு என் முன்னாடி தூக்கட்டும். போன வாரத்தைவிட வேகமா வந்தா என் தாளைத் திருத்தறேன். வரலைன்னா தாள் நிக்கும்."

நாத்தனாரையும் சாரையும் கூப்பிட்டனுப்பினார்கள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னபோது, அண்ணி எதிர்பார்த்திருந்த காட்சி எதுவும் நடக்கவில்லை. அவள் தராசையும் பிளேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "நூத்தி ஒண்ணா?" என்று கேட்டாள்.

ராடின் கீழே போய்த் தோளைக் கொடுத்தாள். எடுக்கவில்லை. வெளியே வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் பேனாவை மூடினார்.

தெரியாமல் தூக்கியவளைத் தெரிந்துபோனதாலேயே தூக்க முடியாதவளாக ஆக்கிவிட்டோமே என்று பிளேட்டக்கா நினைத்தாள். கிட்டே போனாள்.

"என்னால போன இடத்தை நீ போய்த் திரும்ப எடுத்துக்கோ. அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோ."

"என்ன வேணும்னாலுமா?"

"என்ன வேணும்னாலும்."

நாத்தனார் கண்ணில், நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த பழைய சண்டைக்காரி எட்டிப் பார்த்தாள். "ஒரு மாசத்துக்கு மேல என் தோள்ல ஏறி உக்காந்து சிரிச்சிருக்கீங்க இல்ல? இருங்க அண்ணி, உங்களைக் கவனிச்சுக்கறேன்" என்று கறுவிக்கொண்டே ராடின் கீழே நுழைந்தாள். எடுத்தாள். இரண்டடி பின்னால் வந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள்.

திரையில் எண் விழுந்தது. மேடம் குனிந்து பார்த்தார், போன வார எண்ணைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். அதற்குள் ராடைத் தாங்கியில் வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றவள் சொன்னாள்:

"இன்னும் ரெண்டு போடுங்க அண்ணி. ஆனா எவ்வளவுன்னு சத்தமாச் சொல்லிட்டுப் போடுங்க."

பிளேட்டக்கா பக்கத்துக்கு ஒரு கிலோவாக மாட்டினாள். "நூத்தி மூணு" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அதுவும் எழுந்தது.

வேலை போகவில்லை. மூன்று மாதம் சோதனைப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்றார் மேடம். அறுபத்து நான்கு பிளேட்டிலும் உண்மையான எடையை வெள்ளைப் பெயின்டால் எழுதச் சொன்னார். நாத்தனாரின் எண்களை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். தாளைத் திருத்தினார், சார் பட்டியலைத் திருத்தினார்.

அணி கிளம்பும் நாள் வந்தது. வண்டி எட்டரைக்கு. நாத்தனார் அண்ணனோடு முன்னாலேயே போய்விட்டாள். போகும்போது, "என் ஷூப் பையை மட்டும் நீங்க கொண்டுவந்துடுங்க அண்ணி" என்று தேனாகப் பேசிவிட்டுப் போனாள். அதிலேயே இவள் சுதாரித்திருக்க வேண்டும். கடிகாரம் எட்டு இருபது காட்டியது. பிளேட்டக்கா வழக்கம்போல் பத்தைக் கழித்தாள். கல்லூரி வாசலுக்கு ஆட்டோவில் பத்தே நிமிடம். நிதானமாக இன்னொரு டம்ளர் டீ குடித்தாள்.

அவள் வாசலில் இறங்கியபோது வண்டி நகர்ந்துவிட்டிருந்தது. ஊர்ச் சாமானையெல்லாம் இதிலேயே திணித்திருக்கிறாள் என்று திட்டியபடி, கனத்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பதினொரு வருடமாக மற்றவர்கள் ஓடுவதை மட்டுமே பார்த்தவள் வண்டிக்குப் பின்னால் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று போனது. ஜன்னலோர இருக்கையிலிருந்து நாத்தனார் தலையை வெளியே நீட்டினாள். காலில் அந்த ஷூவே இருந்தது.

"பிளேட்டுக்கு அப்புறம் வீட்டுக் கடிகாரத்தையும் சோதிச்சுப் பார்த்தேன். நேத்து நானே அதைச் சரி பண்ணிட்டேன் அண்ணி! சொல்ல மறந்துட்டேன்!"

பிளேட்டக்கா நடுத்தெருவில் நின்று பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே பச்சைப் பெயின்ட் வழிந்த ஒரு பிளேட். அதன் மேல் வெள்ளையில், அவள் கையெழுத்திலேயே, 21.6.