சம்பந்தியம்மாவை ஆடக் கூப்பிட்ட மனிதர்

படத்தின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பாதியிலிருந்துதான் பார்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு தின்ற தட்டுகளைக் கழுவிப் போட்டுவிட்டு நான் வந்து உட்காரும்போது, ஒரு வெள்ளைக்காரத் தபால்காரன் ரொட்டிக்கடைக்காரி ஒருத்தியின் காலை மிதித்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருப்பான். தமிழில் பேச வைத்திருந்தார்கள். "ஏன்யா, உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்பாள் அவள். உதடு ஒரு பக்கம் போகும், பேச்சு இன்னொரு பக்கம் போகும். என் வீட்டுக்காரர் அதற்கே விழுந்து விழுந்து சிரிப்பார். போன வாரம் அதே படத்தை மறுபடி போட்டார்கள். தனியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் போய் ஆறு மாதம்கூட ஆகாதவள், ஆணும் பெண்ணும் அணைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்! வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் டிவியை அணைக்க மனம் வரவில்லை.

அவர் பென்னாகரத்தில் லைன்மேன். ஒரு மழைக்காலத்தில் கம்பத்திலிருந்து சறுக்கிக் கணுக்கால் பிசகி, வீட்டோடு கிடந்தார். அப்போதுதான் இந்தப் படம் அவருக்குக் கிடைத்தது. அதுவரை சண்டைப் படம் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர். வீட்டிலும் ரொம்பப் பேசமாட்டார். கடைவீதிக்குக் கிளம்பினால் அவர் முன்னால் விறுவிறுவென்று போவார், நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடவேண்டும். எங்கள் பக்கம் எல்லாப் புருஷன் பெண்டாட்டியும் அப்படித்தான் நடப்பது. சேர்ந்து நடந்தால் கேலி செய்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் அதிகம் பார்த்தது அவர் முதுகைத்தான். அதில் எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. குறைப்பட்டுக்கொள்ளலாம் என்றே எனக்குத் தெரியாது.

அந்தப் படத்தில் அப்படி என்ன இருந்தது என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வில்லன் கிடையாது. யாரும் சாகமாட்டார்கள். தபால்காரனும் ரொட்டிக்கடைக்காரியும் ஊர் மண்டபத்தில் நடக்கும் ஆட்டப்போட்டிக்கு ஜோடி சேர்ந்து பழகுவார்கள், பழகும் நேரத்தைவிடச் சண்டை போடும் நேரம் அதிகம். இவர்கள் கால் ஒத்துப்போகுமா என்பதைத் தவிர அந்தப் படத்தில் வேறு கவலையே இல்லை. மாதக்கடைசியும் மகள் கல்யாணமும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கவலையைப் பார்க்கவே சுகமாக இருந்தது. அதில் ஆண் கையை நீட்டிக் கேட்பான். பெண்ணுக்கு இஷ்டமிருந்தால் கை கொடுப்பாள், இல்லாவிட்டால் தலையை ஆட்டிவிடுவாள். கேட்டவனுக்கும் அவமானமில்லை, மறுத்தவளுக்கும் இல்லை. என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது வேறொன்று. "இங்க பாரு புள்ள, அந்தம்மா பின்பக்கமாவே நடந்து போவுது. திரும்பிப் பாக்கறதேயில்ல. இடிச்சிக்காம அவன் பாத்துக்கறான்" என்பார். முன்னால் நடந்தே பழகியவருக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று நான் கேட்டதில்லை.

கால் சரியானதும் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுக் கையை நீட்டினார். "ஏங்க, என்னங்க இது கூத்து!" என்று நான் பின்னால் போனேன். "பின்னாலதான் போவோணும், கரெக்டா போற" என்றார். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கிடந்த இடத்தில் ஆடினோம். ஆடினோம் என்று சொல்வதே ஜம்பம்தான், தடுக்கி விழாமல் நடந்தோம். என் தாலிக்கொடி அவர் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொள்ளும். என் மெட்டி அவர் பாதத்தைக் கீறும். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் குழாயடியில், "என்னக்கா, இப்பல்லாம் பட்டப்பகல்ல கதவு சாத்தியே கெடக்குது?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். மானம் போனது எனக்கு. "கொசுத்தொல்லைம்மா" என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். லீவுக்கு வந்திருந்த மகள் எங்களைக் கண்டுபிடித்துவிட்டு, "இதுக்குப் பேரு பால்ரூம் டான்ஸ்ப்பா" என்றாள். தொலையட்டும், ஏதோ ஒரு பேர்.

மகளை அரூர்ப் பக்கம், தீர்த்தமலைக்குப் போகும் வழியில் ஒரு ஊரில் கொடுத்தோம். மஞ்சளும் குச்சிக்கிழங்கும் விளையும் பூமி, நல்ல குடும்பம். மாப்பிள்ளை சின்னப் பையனாக இருந்தபோதே அவருடைய அப்பா போய்விட்டார். வளர்த்து ஆளாக்கியது அவர் அம்மா. ஆனால் சபையில் நின்று பேசுவது மாப்பிள்ளையின் பெரியப்பாதான். பாக்கு வெற்றிலை மாற்றியது அவர், முகூர்த்தத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நின்றது அவரும் அவர் சம்சாரமும். சம்பந்தியம்மா வரவேற்பு முடியும் வரைக்கும் மேடைப் பக்கமே வரவில்லை. போட்டோவுக்குக் கூப்பிட்டபோதும் "நீங்க எடுங்க" என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வாசலருகே, தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த இடத்தில், கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாலியறுத்தவர்கள் அப்படி ஒதுங்கி உட்காருவதுதான் முறை. என் கண்ணுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

இப்போதெல்லாம் வரவேற்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் வந்துவிடுகிறான். பொண்ணு மாப்பிள்ளையை ஆடவைத்து முடித்தவன், "அடுத்து பொண்ணோட அப்பா அம்மா! எல்லாரும் கை தட்டுங்க!" என்று கத்தினான். நான் சமையல்கட்டுப் பக்கம் நழுவப் பார்த்தேன். மகளே இறங்கி வந்து இழுத்துக்கொண்டு போனாள். குத்துப்பாட்டு போட்டார்கள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பாட்டுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல், எங்கள் வீட்டில் ஆடியதுபோலவே மெதுவாக என்னை நடத்தினார். நான் பின்னால் பின்னால் போனேன். விசில் பறந்தது. என் முகம் தீயாய் எரிந்தது. ஆனால் பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அத்தனை ஜனத்துக்கு முன்னால் அவர் முதுகை அல்ல, முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். படத்தின் கடைசியில் ஒரு காட்சி வரும். மண்டபத்தில் சுவரோரமாக ஒரு வயதான அம்மாள் எப்போதும் தனியாக உட்கார்ந்திருப்பாள். போட்டியில் ஜெயித்த தபால்காரன் நேராக அவளிடம் போய், ஒரு கையைப் பின்னால் கட்டி, குனிந்து, மறுகையை நீட்டுவான். மண்டபமே எழுந்து கைதட்டும். மரியாதையிலேயே பெரிய மரியாதை அது என்பது என் வீட்டுக்காரரின் எண்ணம். என் கையை விட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினார். எங்கே போகிறார் என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "ஏங்க, வேண்டாங்க!" என்றேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? நாற்காலிகளுக்கு நடுவே போய், தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று, ஒரு கையைப் பின்னால் கட்டிக் குனிந்தார். "வாங்க சம்பந்தி" என்று கையை நீட்டினார்.

யாரும் கைதட்டவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா எங்கிருந்துதான் வந்தாரோ, "என்னய்யா பண்ற? தாலியறுத்த பொம்பளையக் கையப் புடிச்சு இழுக்கறயா? உம்பொண்ணு வாழ வேண்டாமா?" என்று கத்திக்கொண்டு அவரைத் தள்ளினார். சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஓடினார். பத்துப் பதினைந்து செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் அப்படியே நின்றார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். என் வீட்டுக்காரர் பெரியப்பாவிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்டார். அப்புறம்தான் மகளைக் கூட்டிப்போகச் சம்மதித்தார்கள். யாரைக் கையை நீட்டிக் கூப்பிட்டாரோ, அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "பெத்த மவன் கல்யாணத்துல அந்தம்மா ஒரு மூலையில உக்காந்திருந்துச்சு புள்ள. பாக்க முடியல."

"அது அவங்க பாடு. உங்களுக்கென்ன வந்துச்சு?" என்றேன்.

மகள் நன்றாகத்தான் வாழ்ந்தாள். மாப்பிள்ளை தங்கமான பையன். ஆனால் மகள் வீட்டு வாசலை என் வீட்டுக்காரர் மிதிக்கவே இல்லை. ஆடிக்கும் தீபாவளிக்கும் சீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு அரூர் பஸ் ஸ்டாண்டு வரை போவார். மாப்பிள்ளை வண்டியில் வந்து வாங்கிக்கொள்வார். "வூட்டுக்கு வாங்க மாமா" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். "அடுத்த தடவ பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். பேரன் பிறந்தபோது தொட்டில் போட்ட விசேஷத்துக்கும் போகவில்லை. "ஒரு பொம்பளைய சபையில அழ வெச்சிட்டன். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அங்க போறது?" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் படம் ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவார். போன மாசியில் நெஞ்சுவலி வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதிக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். சடங்கு முடிந்து ஆண்கள் பந்தலில் சாப்பிட உட்கார்ந்ததும், உள்ளறையில் தனியாக இருந்த என்னிடம் சம்பந்தியம்மா வந்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பாயைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. அன்னிக்கு மண்டபத்துல அண்ணன் கைய நீட்டுனாருல்ல... நான் எந்திரிக்கப் பாத்தங்க."

எனக்குப் புரியவில்லை. "எந்திரிக்கவா?" என்றேன்.

"நெசமாத்தாங்க. பாதி எந்திரிச்சிட்டன். கையும் போயிருக்கும். அதுக்குள்ள எங்க பெரிய மச்சாண்டாரு சத்தம் போட்டுட்டாரு. எல்லாரும் அண்ணன் மேல கோவத்துல மூஞ்ச மூடிக்கிட்டன்னு நெனச்சாங்க. எனக்கு எம்மேலதாங்க வெக்கம். இந்த வயசுல, மருமவ வந்த அன்னிக்கி, ஆட எந்திரிச்சனே! அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்புடோணும்னு இருந்தன். வாய் வரல. அண்ணன் என்னப் பத்தி என்னங்க நெனச்சிருப்பாரு?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அந்த மனிதர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று நின்று திரும்பி வந்தார்? "அழ வெச்சிட்டன், அழ வெச்சிட்டன்னு சொல்லியே போய்ச் சேந்துட்டாருங்க" என்றேன். வாயிலிருந்து போன பிறகுதான், அதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றியது.

சம்பந்தியம்மா அழ ஆரம்பித்தார். ஒப்பாரியும் இல்லை, வார்த்தையும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, மூச்சு முட்ட, நிறுத்த முடியாமல் அழுதார். சத்தம் கேட்டுப் பந்தலிலிருந்து எழுந்து வந்தார்கள். பெரியப்பா சாப்பிட்ட கையோடு வாசற்படியில் நின்று பார்த்தார். பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, "பாத்துக்கங்க, எம்மாம் பெரிய மனசுன்னு. சபையில அவமானப்படுத்துன மனுசனுக்காவ எப்பிடி அழுவுது பாருங்க" என்றார்.

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சம்பந்தியம்மா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.