முகம் அசையாதவள்

நானும் தம்பியும் பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து ஒரே கேமைத்தான் பாகம் பாகமாக விளையாடி வருகிறோம். முதல் பாகத்தைப் பரந்தன் வீட்டு ஹோலில், சுவிஸ் மாமா அனுப்பிய பழைய கேம் பெட்டியில், ஒரே கதிரையில் நெருக்கிக்கொண்டு இருந்து விளையாடினோம். இப்போது அவன் கனடாவில், நான் அதே ஹோலில். சனிக்கிழமை எனக்குப் பின்னேரமாகும்போது அவனுக்கு விடிந்திருக்கும். இருவரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம். பகலில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிற, நாற்பதை எட்டிப் பார்க்கிற ஒருத்தி செய்கிற வேலையா என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பா. சிரிக்கட்டும்.

அந்தக் கேமில் சாம்பல் உடுப்புப் போட்ட ஒரு கூட்டம் வரும். அழமாட்டார்கள், சிரிக்கமாட்டார்கள், கோபம்கூட வராது. ஒரு ஊரைக் கொளுத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பார்கள். அவர்களுக்குத் தலைவியாக ஒரு வில்லி. அவள் திரையில் வந்தாலே நான் தம்பியின் ஆளுக்குப் பின்னால் ஒளிவேன். அவள் ஏன் அப்படி என்று முதல் பாகத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

தம்பிக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. "அவளுக்கு உணர்ச்சியே இல்லை அக்கா. யோசிக்காமல் அடி," என்பான்.

பிறகு கேம் செய்தவர்களுக்கு என்ன பிடித்ததோ தெரியாது, விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டாம் பாகத்தில், அந்தக் கூட்டம் தங்கள் உணர்ச்சிகளைத் தாங்களே விற்றவர்கள் என்றார்கள். மூன்றாம் பாகத்தில், விற்கவில்லை, யாரோ பறித்தது என்றார்கள். யார் பறித்தது என்பது கேமில் கண்டெடுக்கிற ஒரு வாளின் குறிப்பில், கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் இருந்தது. மிச்சக் கதை ஒரு போன் கேமில். அந்தப் போன் கேமையும் இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு பொம்பிளை ஏன் சிரிக்கிறாள் இல்லை என்று அறிய இவ்வளவு அலைச்சலா? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. தம்பியோ இணையத்தில் மணிக்கணக்கான விளக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு வகுப்பெடுப்பான். "பாவம் அக்கா அவள். அவளின்ர கதை தெரிஞ்சா நீ இப்பிடிக் கதைக்கமாட்டாய்."

போன வருடம் அம்மா செத்துப்போனா. அப்பா முன்னரே இல்லை. தம்பிக்கு விசாச் சிக்கல், வர முடியவில்லை. எங்கள் பக்கத்தில் செத்த வீடு என்றால் பந்தலுக்கும் மேளத்துக்கும் சொல்லும்போதே வீடியோக்காரருக்கும் சொல்லிவிடுவோம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் லைவில் பார்த்துத்தான் அழ வேண்டும். கொள்ளியைப் பெரியம்மாவின் மகன் வைத்தான். மற்றதெல்லாம் என் தலையில். ஐயரைக் கூட்டி வருவதற்கு ஆள் அனுப்பினேன், வெயில் ஏற ஏறப் பந்தலுக்குக் கதிரை எடுப்பித்தேன், தேத்தண்ணி போதாது என்று குசினிக்குள் சத்தம் போட்டேன். பெண்கள் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி சொன்னார்கள். நானும் கட்டிப்பிடித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வாய்க்கரிசி போடும்போது கமரா என் முகத்துக்குக் கிட்ட வந்தது. அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பி, வழியில் கிடந்த கதிரையைத் தள்ளி வைக்கச் சொன்னேன்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்து தம்பி போன் எடுத்தான்.

"லைவில உன்னைப் பாத்தனான்," என்றான். "அம்மா கிடக்கிறா, நீ கதிரை அடுக்கிக்கொண்டு நிக்கிறாய். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என்ர சிநேகிதங்கள் எல்லாரும் பாத்தவங்கள். எனக்கு வெக்கமாப் போச்சு."

"கதிரையை ஆர் அடுக்கிறது? நீயோ?" என்று கேட்டேன்.

வைத்துவிட்டான். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவன் வரவில்லை. அம்மாவும் போய், அவனும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் தனியாக விளையாடிப் பார்த்தேன். இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டிய கதவுகளுக்கு முன்னால் போய் நின்றுவிட்டு, பெட்டியை நிற்பாட்டுவேன்.

புதிய பாகம் வந்ததும் அவனே செய்தி போட்டான். "வாறியோ?" அவ்வளவுதான். நான் விழுந்தடித்துக்கொண்டு போனேன். செத்த வீட்டைப்பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. பழையபடி அவன் முன்னால் ஓட, நான் பின்னால் அடித்துக்கொண்டு போனேன். சில கிழமைகளில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம். வில்லி விழுந்தாள். உடனே ஒரு நீண்ட காட்சி. அவளுடைய சின்ன வயது, எரிந்த வீடு, உள்ளே சிக்கிய தங்கச்சி, பின்னணியில் வயலின். அவளுக்குள் உணர்ச்சி எப்போதும் இருந்ததாம், வெளியே காட்டத் தெரியவில்லையாம். முதல் பாகத்தில் என்னை நடுங்க வைத்தவளைக் கடைசியில் கண்ணைக் கசக்க வைத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹெட்செட்டில் தம்பி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழுறியோ?"

"ஓம். பாவமெல்லோ. இவ்வளவு நாளும் அவளைப் பிழையா நினைச்சிட்டம்."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஊரெல்லாம் கொளுத்தினவளுக்கு நீ எத்தினை வருசம் விளக்கம் தேடினனி? என்னைப் பிழை சொல்ல உனக்கு ஒரு லைவ் வீடியோ காணுமோ? நான் ஏன் அழேல்லை எண்டு ஒரு நாளாவது கேட்டனியோ?"

அவன் பக்கத்தில் வயலின் நின்றது. பிறகு, மெதுவாக, உண்மையாகவே கேட்டான். "ஏன் அக்கா அழேல்லை?"

இத்தனை மாதமாக நான் காத்திருந்த கேள்வி. வந்ததும்தான் தெரிந்தது, என்னிடம் பதில் இல்லை. எரிந்த வீடு ஒன்றும் இல்லை, வயலினும் இல்லை. நான் அம்மாவோடு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அலைந்தேன், அவ செத்துப்போனா, எனக்கு அழுகை வரவில்லை.

"தெரியாது," என்றேன். "வரேல்லை."

"அப்பிடி எண்டா? ஏதோ காரணம் இருக்கத்தானே வேணும். சொல்லு அக்கா, நான் விளங்கிக்கொள்ளுவன்."

"ஒண்டுமில்லையடா."

"சும்மா ஒருத்தருக்கு அழுகை வராமல் இருக்குமோ?" அவன் குரலில் அந்தப் பழைய வெறுப்பு திரும்பி வருவது எனக்குக் கேட்டது. காரணம் ஒன்றைக் காட்டினால்தான் அவன் என்னை விடுவான். ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அவன் அதற்கும் அழுதிருப்பான்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவனுக்குக் கேட்காமல் மைக்கை நிற்பாட்டிவிட்டு, கொன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, அம்மா, அம்மா என்று குழறி அழுதேன். ஹெட்செட்டில் அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். "அக்கா, ஏன் பேசாமல் இருக்கிறாய்? உனக்கு உண்மையாவே ஒண்டும் இல்லையோ?"