கரைவலையில் ஏறிய விண்கலம்

விண்கலம் பூமிக்குத் திரும்பி வரும்போது ஏன் எரிந்துபோகிறது என்று பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் பேசுவதற்காக, ஒரு வாரமாக வீட்டில் கத்திக் கத்திப் பாடமாக்கினேன். பத்திரிகையைப் பார்த்து எழுதித் தந்தவர் மாமா, உம்மாவின் தம்பி. கேட்டுக் கேட்டு உம்மாவுக்குத் தலையிடியே வந்துவிட்டது. கூட்டத்தில் அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை என்பது வேறு கதை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம். வாப்பா சாய்ந்தமருதில் கரைவலை இழுப்பவர். முந்தின வருடம் கரையில் ஏதோ சந்தேகப் பொதி ஒதுங்கியதென்று ஆமிக்காரர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்றுவிட்டார்கள். மாதக்கணக்கில் தோணி தண்ணீரைத் தொடவில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று எங்களுக்கு நாக்குச் செத்துவிட்டது. தடை நீங்கிய பிறகும் வாப்பாவின் களைப்பு நீங்கவில்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காதவர் போலத்தான் இருப்பார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவருக்குத் தேத்தண்ணி கொண்டு போயிருந்தேன். வலை கரையேறியது. மீன் கொஞ்சம்தான். அதற்கு நடுவே பூசணிக்காய் அளவில் ஓர் உலோக உருண்டை, ஒரு பக்கம் கருகிப்போய்க் கிடந்தது. எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். திரும்பக் கடலில் தள்ளவும் வழியில்லை, கரையோரக் காவலரணில் இருந்த ஆமிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். குண்டு என்று பெயர் வைத்துவிட்டால் கடல் மறுபடியும் மூடப்படும், வலை இழுத்தவர்களையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"மச்சான், விண்கலத்துட துண்டு எண்டு சொல்லுவம்" என்றார் வலை இழுக்க வந்திருந்த மாமா.

"ஆருடா நம்புவான்?" என்றார் வாப்பா, அலுப்போடு.

மாமா என்னைப் பார்த்தார். "இவள் சொன்னா நம்புவாங்க."

ஆமி அதிகாரி வந்தார். இளவயதுதான், கண்கள் சிவந்திருந்தன. கொழும்பில் கடையில் நின்றதால் மாமாவுக்குச் சிங்களம் தெரியும். வாப்பா என் தோளில் கை வைத்து, "பயப்படாமச் சொல்லு புள்ள" என்றார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடக் கூட்டத்தில் போலவே, "மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே" என்று தொடங்கினேன். வேறு விதமாகத் தொடங்க எனக்குத் தெரியாது.

கலம் காற்றை உரசி வருவதால் நெருப்பாகக் காய்கிறது என்றேன். வெப்பம் தாங்கும் ஓடு ஒன்று கழன்றிருந்தாலும் போதும், இறங்கும் சரிவு பிசகினாலும் எரிந்துவிடும், அதெல்லாம் தப்பி வந்தாலும் பரசூட் விரியாவிட்டால் நொறுங்கிவிடும் என்றேன். நான் ஒரு வரி சொன்னால் மாமா சிங்களத்தில் ஒரு கதையே சொன்னார். அதிகாரி குந்தியிருந்து உருண்டையைப் பார்த்தபடி மெல்ல ஏதோ கேட்டார்.

"உள்ளுக்கு ஆக்கள் இருந்தாங்களா எண்டு கேக்கார்" என்றார் மாமா.

அது பேச்சில் இல்லை. மாமா மறுபடியும் என்னைப் பார்த்தார். வாப்பா என்னைத் தன்னோடு ஒட்டி இழுத்துக்கொண்டார். இடுப்பில் நனைந்த சாரத்தோடு நிற்கிறார், குளிராக்கும் என்று நினைத்தேன்.

"இருந்திருப்பாங்க சேர்" என்றேன். "வீட்ட போகத்தானே வெளிக்கிட்டிருப்பாங்க. வந்து சேரல்ல."

மாமா அதைச் சிங்களத்தில் மாற்றினார். இந்த முறை சுருக்கமாகத்தான் சொன்னார்.

அதிகாரி எழுந்தார். பிறகு உருண்டையை வண்டியில் ஏற்றச் சொன்னார். நாளைக்கும் வலை போடலாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார். வாப்பா வலையில் கிடந்த கொஞ்ச மீனைப் பொறுக்கத் தொடங்கினார்.

என் விஞ்ஞானம் ஆமியையே மடக்கிவிட்டது என்று அன்று முழுக்க நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன். நாங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அந்த மனிதர் நம்பியிருக்க மாட்டார் என்பதும், எங்கோ ஒரு வீட்டில் அவருடைய வரவையும் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.