நடுவில் என்ன இருக்கிறது

மெத்தை தைக்கிறவர் தோட்டத்துக்கு எல்லைச்சுவர் போட்டால் என்ன ஆகும் என்று தெருவில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வேடிக்கை கெட்டுவிடுமே.

அவர் தோட்டம் மேட்டில். எல்லைக்கு நேர் கீழே அவருடைய அக்காவின் சமையலறை. போன மழையில் சரிந்த மண், சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரி அடுப்படி வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டது.

"இன்னொரு தடவை மண்ணு உள்ள வந்துச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு மகன்கிட்ட போயிடுவேன்," என்றாள் அக்கா.

அது கோணி ஊசியாய் இறங்கியது அவருக்கு. மிச்சமிருந்த ஒரே கூடப்பிறப்பு அவள். சண்டை போடவாவது ஆள் வேண்டாமா?

கம்பிவலைக் கூடைகளை வரிசையாக வைத்து, கல்லை நிரப்பி, மூடியைக் கம்பியால் பின்னிவிட்டால் சுவர். "பஞ்சுக்குப் பதிலா கல்லு, அவ்வளவுதானே," என்று துள்ளினார். உள்ளே குறுக்குக்கம்பி இழுத்துக் கட்டிய அழகுக்கு ஒரு கூடைக்குக்கூடத் தொப்பை விழவில்லை. எட்டே நாளில் இடுப்புயரச் சுவர்.

மழை மத்தியானம் வந்தது. ஒரு மணி நேரம்தான். விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தவர் அடித்துவைத்த ஆணி மாதிரி நின்றுவிட்டார். கூடைகளின் மூடியெல்லாம் யானை படுத்து எழுந்தாற்போல் நடுவில் குழிந்து கிடந்தது. கல் இடுக்கில் வடிந்த சேறு அக்காவின் பின்வாசலைத் தாண்டிவிட்டிருந்தது.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கல்லுக்கு நடுவுல மண்ணு எப்படிடா வந்துச்சு?"

அவர் குழிந்த மூடியை உள்ளங்கையால் தடவினார்.

"ஓரத்துல எல்லாம் நல்ல கல்லுக்கா. நடுவுல மட்டும் உடைஞ்ச செங்கல்லு, மண்ணாங்கட்டி. வெளிய தெரியாதுல்ல. தொழில் பழக்கம், கை அதுவா போயிடுச்சு."

"தொழில் பழக்கம்னா?"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

அக்கா கண்ணிமைக்கவில்லை. "அப்போ என் கல்யாணத்துக்கு நீ தைச்ச மெத்தையில?"

"கந்தல், அக்கா."



"முப்பது வருஷம்டா. இடுப்பு வலிக்கு நான் பார்க்காத டாக்டர் இல்ல." அவள் குரல் ஏறவே இல்லை.

அவள் செல்போனை எடுத்தாள். "மகனே, மண்ணு உள்ள வந்துடுச்சு."

மெத்தைக்காரர் ஈரக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முடிந்தது கதை.

"இல்லடா, வண்டி அனுப்பாதே. உன் மாமன் சுவத்துக்குள்ள குப்பையை அடைச்சு வெச்சிருக்கான். அதைப் பிரிச்சு ஒவ்வொரு கல்லா அவன் போடுறதை நான் கண்ணால பார்க்கணும். அப்புறம் மெத்தை ஒண்ணு பாக்கி இருக்கு. இவனை நம்பி விட்டுட்டு எப்படி அங்க வர்றது?"

போனை வைத்தாள். மழைக்கு ஒதுக்கி வைத்திருந்த கம்பிக் குறட்டைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"என் சமையல்கட்டுக்கு நேரா இருக்கிற கூடையை முதல்ல பிரி."