சாமி மேடையில் பழைய கைப்பேசி

புதுக் கைப்பேசி வாங்கியும் பழையதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. சாமி மேடையில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, சார்ஜரைக் கழற்றாமலே சில வருடங்களாகக் காலையில் பக்திப் பாடல் போட்டு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பூ வைக்கப் போனபோது அதன் முதுகு உப்பி, மூடி பிளந்திருந்தது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எடுக்கக் கையை நீட்டினேன்.

"தொடாத லா, பேட்டரி வீங்கியிருக்கு. வெடிச்சிரும்," என்று கணவர் ஓடிவந்து சுவிட்சை நிறுத்தினார். எங்கள் வீட்டில் யாரும் விளக்கை வாயால் ஊதி அணைத்ததில்லை. அன்று அவர் ஊதினார். பிறகு அந்தப் பழையதை இடுக்கியால் எடுத்து, மணல் வாளியில் வைத்துக் கைப்பேசிக் கடையில் ஒப்படைத்தார்.

இப்போது என் கைப்பேசியில்தான் பாட்டு. சார்ஜ் ஏறியதும் கழற்றிவிடுகிறேன். அவ்வப்போது திருப்பி, முதுகைத் தடவிப் பார்க்கிறேன். பாட்டு ஓடுகிறதே என்று இருந்துவிடுவதில்லை.

– ஒரு வாசகி, கிள்ளான்