கட்டைவிரலை உயர்த்தியதால்

கடலடிச் சிற்பங்களைப் பார்க்கத் தீவுக்குப் போனோம். சரவணம்பட்டி நீச்சல் குளத்தில் மாதக்கணக்கில் பழகியும் என் மனைவிக்குத் தண்ணீர் பயம் போகவில்லை. இருந்தும் பார்த்தே ஆக வேண்டும் என்று, சிலிண்டர் மாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினாள்.

கீழே பவளம் படர்ந்த சிமென்ட் பெண்சிலையின் மடியில் குட்டி மீன்கள் ஒதுங்கியிருந்தன. மனைவி சந்தோஷமாகக் கட்டைவிரலை உயர்த்தினாள். முக்குளிப்பவர்களுக்கு அது மேலே போகலாம் என்ற சைகை. கூட வந்த தூத்துக்குடிக்காரப் பயிற்சியாளர் உடனே எங்களை மேலே கொண்டுவந்துவிட்டார்.

“ஏனுங்க தம்பி, சூப்பருன்னு சொன்னா மேல இழுத்துப்போட்டீங்களே!” என்று அவரிடம் கோபித்துக்கொண்டாள்.

“நீ பயந்துட்டேன்னு நானும் நெனச்சேன்” என்றேன்.

“பயந்திருந்தா உங்க கையை உட்டிருப்பனுங்களா?”

அவள் என் கையை விட்டதை நான் கவனிக்கவே இல்லை. பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சிலிண்டரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். அவள் எனக்கு முன்பாகவே மறுபடி கடலுக்குள் இறங்கிவிட்டாள்.