மலையாண்டி உரித்த டுரியான்

வல்லத்திராக்கோட்டை மலையாண்டிக்கு ஒரு கர்வம் உண்டு. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடுவார். சொன்னது ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. உரித்த பிறகு எவன் எண்ணுகிறான் என்ற துணிச்சல்தான். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

1951இல் மலேயாவுக்குக் கப்பலேறியபோது கர்வமும் கூடவே ஏறியது. ஈப்போவில், அரிமளத்துக்காரர் அய்யாக்கண்ணுவின் மளிகைக்கடையில் மூட்டை தூக்கும் வேலை. ஒரே வாரத்தில் முதுகு விட்டுப்போனது. முதலாளி பக்கத்திலேயே பழக்கடை போடப்போகிறார், ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் மலையாண்டி முந்திக்கொண்டார்.

"நான் பலாத்தோப்புக்காரன் மகன் மொதலாளி. பழம்னா எங்கிட்ட விட்டுருங்க."

"சாயங்காலம் சீன மொதலாளி ஒருத்தர் வாராரு. அங்கிட்டு பத்து டுரியான் கெடக்கு, உரிச்சு வையி. நல்லா செஞ்சியன்னா பழக்கடை ஒனக்குத்தான்."

டுரியானை மலையாண்டி அன்றுதான் கண்ணால் பார்த்தார். கோபம் வந்த பலாப்பிஞ்சு மாதிரி இருந்தது. யாரையாவது கேட்கலாம், கேட்டால் தோப்புக்காரன் மகன் மானம் என்னாவது? ஊர் வழக்கப்படி, பால் ஒட்டாமலிருக்கக் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டார். டுரியானில் பாலே கிடையாது. எண்ணெய்க் கை வழுக்கி, முதல் பழம் முள்ளோடு காலில் விழுந்தது.

நொண்டிக்கொண்டே பிளந்தார். குப்பென்று ஒரு நாற்றம். அடுத்த பழமும் அப்படியே. பத்தும் அழுகல்! முதலாளி பெயர் கெடக்கூடாதே என்று சுளையையெல்லாம் வழித்துச் சாக்கடையில் கொட்டினார். கொட்டை மட்டும் நன்றாக இருந்தது. அதை அலசி, தட்டில் அடுக்கி, வாழையிலையால் மூடிவைத்தார்.

சாயங்காலம் சீன முதலாளி ஆசையாக இலையைத் தூக்கினார்.

"பழம் எங்கய்யா?" அய்யாக்கண்ணு தட்டைத் துழாவினார்.

"அம்புட்டும் அழுகிப்போச்சுங்க. கொட்டை அருமையா இருக்கு, கத்திரிக்கா போட்டுக் கொழம்பு வைக்கலாம்ங்க."

"டுரியான் வாசமே அதுதாய்யா! வெரல நக்கிப் பாரு."

நக்கினார். பாலாடையில் கருப்பட்டியைக் குழைத்த ருசி. மலையாண்டிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பழக்கடை கைநழுவியதற்காக அழுகிறான் என்று அய்யாக்கண்ணு நினைத்தார். மலையாண்டி பார்த்துக்கொண்டிருந்தது சாக்கடையை.

அப்புறம் பன்னிரண்டு வருசம் மூட்டைதான் தூக்கினார். ஊர் திரும்பியதும் மனைவி காத்தாயி தோப்பிலிருந்து பெரிய பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"தட்டிச் சொல்லுங்க, எத்தனை சுளை?"

மலையாண்டி கையை இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல ஒரு சுளை குடு. தின்னு பாத்துட்டுச் சொல்றேன்."